உள்ளேன் ஐயா

எவர்சில்வர் டப்பாவில் குலுக்கிப் போட்ட சீட்டில்
எனக்கு விழுந்தது ஐஸ்லாந்து.
வகுப்பே சிரித்தது.
பங்குனி வெயில். மூன்று ஃபேனில் ஒன்றுதான் சுற்றும்.
"குளிருதாடி?" என்றாள் மோகனசெல்வி.
அவளுக்கு விழுந்தது ஒரு பெரிய நாடு;
பெயர் வேண்டாம், பெரிய நாடு என்றால் போதும்.

ஐ.நா. பொதுச்சபை, மாதிரி அமர்வு.
சர்வதேச உறவுகள், நான்காம் பருவம்,
மனித உரிமைத் தாளுக்கு அக மதிப்பெண் பத்து.
ஜெபசீலி மேடம் சொல்லிவிட்டார்:
இன்றைக்கு யாருக்கும் பெயர் கிடையாது,
நாடுதான் பெயர்.

எனக்கு என்றைக்கும் நேர் எதிர்.
பெயர் உண்டு: கஜேந்தினி, த/பெ. யோகநாதன்.
பிறந்த இடம்: சேலம் அரசு மருத்துவமனை.
அதற்கடுத்த கட்டத்தில்
பேனா சற்று நிற்கும்.

ராத்திரி முழுக்கப் படித்தேன் என் நாட்டை.
மொத்த ஜனமும் சேலம் டவுனில் பாதி தேறாது.
எரிமலை உண்டு. மீன் உண்டு. சொந்த ராணுவம் கிடையாது.
அந்தக் கடைசி வரியில், நகத்து பெயிண்டைச்
சுரண்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.
"இன்னொருக்கா வாசி."

அகர வரிசையில் கூப்பிட்டார்கள்.
ஐஸ்லாந்து?
"வந்துள்ளேன், வாக்களிப்பேன்" என்பது சபை மரபு.
எழுந்தேன். நாக்கு தன் பழக்கத்தில் சொன்னது:
உள்ளேன் ஐயா.
மறுபடி சிரிப்பு.
பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

தீர்மானம்: நாடற்றவர் நிலை.
பெரிய நாடு பேசியது, நிமிர்ந்து, தாளைப் பார்க்காமல்.
"விருந்தும் மருந்தும் மூணு நாள்.
நாற்பது வருஷம் விருந்து வைக்க
எந்த அடுப்பில் விறகு இருக்கிறது, தலைவரே?"
கைதட்டல்.
அது ஓய்கிற நேரத்தில்தான் அவள் என்னைப் பார்த்தாள்.
பார்த்தாள். அப்புறம்
தேவைப்படாத தாளைப் பார்த்தாள்.

எனக்கு இரண்டு நிமிடம்.
பதினைந்தாம் உறுப்புரை என்றேன், அப்பாவின் சொல் அது.
எல்லோருக்கும் ஒரு நாட்டின் குடியாயிருக்க உரிமை உண்டு.
உண்டு என்று எழுதியவர்கள்
யார் தருவது என்று எழுதவில்லை.
இந்த வரி மதிப்பெண்ணைக் கூட்டுமா குறைக்குமா தெரியாது.
"ஆகவே எங்கள் நாடு..."
அங்கே நின்றுவிட்டேன்.
பக்கத்துப் பக்கத்தில் அந்த இரண்டு சொல்லும்
என் வாயில் இருந்ததே இல்லை.
மாடி ஜன்னலில் சேர்வராயன் மலை. அடிவாரத்தில்
வெட்டிக் கொட்டிய வெள்ளைக்கல் மேடுகள்
உச்சி வெயிலில் பனியாக மின்னின.
"எங்கள் நாடு ஆதரிக்கிறது" என்று முடித்து உட்கார்ந்தேன்.

திருத்தம் மேல் திருத்தம். மூன்றே கால்.
வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவில்லை.
முகாமில் ஐந்து மணிக்குத் தலைக்கணக்கு,
ஓமலூர் போய் வண்டி மாற வேண்டும்.
மேடத்தின் கண்ணைப் பார்த்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பையை நெஞ்சோடு அணைத்து
குனிந்தபடி வெளியேறியது ஐஸ்லாந்து.

நோட்டு விரிந்திருந்தது. வேப்பமர நிழலில் ஒரு மேஜை.
நாற்பத்தொன்றாம் நம்பர் வீடு. எத்தனை பேர்?
நாலு, ஐயா.
காலேஜ் பொண்ணு?
இன்னும் மூச்சு வாங்குகிறது எனக்கு.
உள்ளேன், ஐயா.

ராத்திரி அவளிடமிருந்து செய்தி:
தீர்மானம் பாஸ்டி. உன் ஓட்டு இல்லாமலே.
நான் எதிர்த்துத்தான் போட்டேன், நாடு அப்படி.
கொஞ்ச நேரம் டைப் செய்வது தெரிந்தது, நின்றது, தெரிந்தது.
நாளைக்கு மாங்கா கொண்டு வர்றேன்.

திருப்பித் தர மறந்த பெயர் அட்டை பையில் கிடந்தது.
தம்பி எடுத்து எழுத்துக் கூட்டினான்.
அங்கேயும் வெயிலடிக்குமா அக்கா?
அடிக்கும். கோடையில் நடுராத்திரியிலும் வெளிச்சம்தான்.
யோசித்தான்.
இருட்டவே இருட்டாதென்றால்
கணக்கெடுக்க எத்தனை மணிக்கு வருவார்கள்?